சர்க்காருக்குக் கடன் கேட்டுப் போனேன்

கடன் கேட்டுப் போவது கஷ்டம். நமக்காகப் போனாலாவது நம் கஷ்டத்தை நாலு வார்த்தை சொல்லலாம்; சர்க்காருக்காகப் போனால் அதுவும் முடியாது, ஏனென்றால் சர்க்காருக்குக் கஷ்டம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

யுத்த காலத்தில் நான் அந்த வேலையைத்தான் செய்தேன். திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு சின்னத் தபால் ஆபீஸ். நான் குமாஸ்தா. எனக்கு மேலே போஸ்ட்மாஸ்டர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். எனக்குக் கீழே தபால்காரர் நடேசன். உள்ளூர்க்காரர், அதிகம் பேசுவார். ஸ்டாம்பு, மணியார்டர், சேவிங்ஸ் பாங்கி என்று போய்க்கொண்டிருந்த வேலையில், ஒருநாள் மேலிடத்திலிருந்து சர்க்குலர் வந்தது. சர்க்காருக்குப் பணம் தேவை. ஜனங்களிடம் சேமிப்புப் பத்திரம் விற்க வேண்டும். பத்து ரூபாய் போட்டால் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பதினைந்து. மாசம் இத்தனை பத்திரம் விற்றே ஆகவேண்டும் என்று கோட்டாவும் கூடவே வந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளே, சீட்டுப் பிடிப்பவர்களே, கோயில் நன்கொடைப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியவர்களே, உங்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. தெரு முனையில் நம் தலை தெரிந்ததுமே ஆட்கள் வீட்டுக்குள் போய்விடுகிற அந்த அனுபவம் நம் எல்லோருக்கும் பொது.

கதவு சாத்தாத நாள்

பத்திரம் வருவதற்கு முன்னாலேயே சர்க்கார் கடன் என்றால் என்னவென்று ஒருநாள் பார்த்துவிட்டேன். நான் வேலையில் சேர்ந்து எட்டு மாசம் ஆகியிருக்கும். கடலோர ஊர்களில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று பேச்சு. பட்டணம் காலியாகிக்கொண்டிருந்தது. மேற்கே போகிற ரயில்களில் நிற்க இடமில்லை. அன்று காலை எங்கள் ஜன்னலுக்கு வெளியே, பாஸ் புஸ்தகத்தைக் கையில் பிடித்தபடி அறுபது எழுபது பேர். நாம் போட்ட பணம் சர்க்காரிடம் இருக்கிறது, சர்க்கார் கப்பலேறப் போகிறது, அதற்குள் வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் யோசனை. எங்கள் இரும்புப் பெட்டியில் இருந்தது இருபது பேருக்குக்கூடப் போதாது.

தேவசகாயம் தன் நாற்காலியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு உட்கார்ந்தார். இருக்கிறதை வரிசைப்படி கொடுப்போம், தீர்ந்தால் பூந்தமல்லி பெரிய ஆபீஸிலிருந்து வரும், அதுவரை கதவு திறந்தே இருக்கும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து சைக்கிளில் அனுப்பினார். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, என் காரியரில்தான் உட்கார்ந்து வந்தார். சித்திரை வெயில். திரும்பும்போது முன்னால் பணப்பை, பின்னால் கான்ஸ்டபிள். நடுவில் என் கால்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன. மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். வரிசை நீண்டிருந்ததே தவிரக் குறையவில்லை. ஆனால் பணப்பையைப் பார்த்ததும் வரிசையில் இருந்த சத்தம் அடங்கியது.

ஐந்து மணிக்கு வரிசையின் கடைசி ஆள் வந்தார். பருத்திப்பட்டு கோதண்டம் என்ற குடியானவர். வேர்க்கடலை விற்ற பணம் எண்பது ரூபாய் அவர் கணக்கில் இருந்தது. நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அத்தனையையும் ஜன்னல் வழியாக என் பக்கம் தள்ளினார். “குடுப்பீங்களான்னு பாக்கத்தான் வந்தேன் சார். குடுத்துட்டீங்க. திரும்பப் போட்டுக்கோங்க.”

மண்டிக்காரர் ரேட்டு

பத்திரம் விற்கும் உத்தரவு வந்ததும் நான் செய்த முதல் தப்பு, பணம் இருக்கிற இடத்துக்குப் போனது. மேனாம்பேட்டுப் பக்கம் நெல் மண்டி வைத்திருந்த வரதப்பர்தான் எங்கள் வட்டாரத்தில் கையில் ரொக்கம் உள்ளவர். நெல் வியாபாரம் அவருக்குப் பொழுதுபோக்கு. கடன் கொடுப்பதுதான் தொழில். ரூபாய்க்கு மாசம் அரையணா வட்டி. அதில் பேரம் கிடையாது.

அவர் என்னை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கடன் வாங்குகிற ஆள் யார், எதற்கு வாங்குகிறான், எப்போது தருவான் என்று தன் வழக்கமான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கார், யுத்தத்துக்கு, பன்னிரண்டு வருஷத்தில் என்று நானும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். கடைசியில் வட்டியைக் கேட்டார். பத்து ரூபாய்க்கு வருஷத்துக்கு ஏழணாவுக்குச் சற்றுக் குறைவு என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. பத்து ரூபாய்க்கு அவர் இரண்டு மாசத்திலேயே பத்தணா வாங்குகிறவர். வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினார். “சர்க்காருக்கு நான் தாராளமாக் கடன் குடுக்கறேன் தம்பி. ஆனா வட்டி என் ரேட்டு. சம்மதமான்னு கேட்டுகினு வா.”

தையல்காரர் கணக்கு

கங்காதரன் ஸ்டேஷன் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தார். கதர் தவிர வேறு உடுத்தமாட்டார். ஒருமுறை மறியலுக்குப் போய் மூன்று மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். ஆவடியில் பட்டாளத்து முகாம் வந்தபோது, வயிற்றுப்பாட்டுக்காகக் காக்கி உடுப்பு தைக்கிற வேலையையும் எடுத்திருந்தார். கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு காக்கி தைக்கிறவரிடம் பத்திரம் விற்க முடியும் என்று நான் ஏன் நினைத்தேனோ தெரியவில்லை.

அவர் மிஷினை நிறுத்தாமலே பேசினார். “வெள்ளைக்காரன் நாளைக்கு மூட்டை கட்டிக்கினு பூட்டா, இந்தக் காயிதத்துக்கு எவன் பதில் சொல்லுவான்?” நான் சர்க்கார் ஊழியன், இந்தக் கேள்விக்கு வாயைத் திறந்தால் வேலை போகும். ஆபீஸுக்கு வந்து தேவசகாயத்திடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, கடன் நாற்காலி பேரில் இருக்கிறது, அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் கட்டித்தான் ஆகவேண்டும் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மறுநாளே போய் கங்காதரனிடம் அதை அப்படியே ஒப்பித்தேன்.

இந்த முறை மிஷின் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏரிக்கரையை உயர்த்த வாங்குகிற கடனானால் இன்றைக்கே தருவேன், விளைச்சல் கூடும், அதிலிருந்தே கடன் அடையும். வெடித்துப் புகையாகப் போகிற குண்டுக்கு வாங்கினால் எது விளையும் என்று நிதானமாகக் கேட்டார். “நாளைக்கு அந்த நாக்காலியில ஒக்காரப் போறது எங்க புள்ளைங்க. கட்டப் போறதும் அவங்கதான். அவங்க தலையில நானே எதுக்கு சார் இன்னும் பத்து ரூபா ஏத்தணும்?”

மண்ணும் காகிதமும்

பட்டாளத்து முகாமுக்கு நிலம் எடுத்தார்கள். அதில் கோதண்டத்தின் மூன்று ஏக்கரும் போயிற்று. எண்பது ரூபாயைத் திருப்பிப் போட்டாரே, அவர்தான். நஷ்டஈட்டுப் பணம் அவர் கைக்கு வந்த வாரமே, அவரைப் பார்த்துப் பத்திரம் விற்கும்படி எனக்கு உத்தரவு. அந்த மாதிரி ஒரு வீட்டுக்கு அந்த மாதிரி ஒரு காரியமாகப் போகிறவனின் கால் எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும்.

கோதண்டம் கோபப்படவில்லை. அவருக்கு அதற்கு நேரமில்லை. விடிந்தால் திருநின்றவூருக்குப் போய் நிலம் பார்ப்பது, பொழுது சாய வீடு திரும்புவது. அதே வேலையாக இருந்தார். ஆனால் நிலம் இழந்த எல்லோரும் அதே பணத்தோடு அதே ஊருக்குத்தான் போனார்கள். முதல் வாரம் பார்த்துவிட்டு வந்த நிலத்துக்கு மறுவாரம் வேறு விலை. மூன்றாவது வாரம் இன்னொரு விலை. மூன்று ஏக்கருக்கு வாங்கிய பணத்தில் இப்போது ஒன்றரை ஏக்கர்தான் வரும் என்ற நிலை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் முகாமில் கூலிக்குச் சேர்ந்துவிட்டார்கள். நிலத்தில் கண்டதைவிட அதிகமான ரொக்கம் வாரா வாரம் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம்தான். அவருக்கு அது ஒட்டவில்லை.

நான் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். வாங்கிப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். எனக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டவர் போலத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அந்த ஒன்றரை ஏக்கரையே எழுதி வாங்கினார். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “மண்ணக் குடுத்துட்டுக் காயிதம் வாங்கினேன். அந்தக் காயிதத்தக் குடுத்து இன்னொரு காயிதம் வாங்கச் சொல்றீங்க. எனக்கு மண்ணு வேணும் சார்.”

விற்காத பத்திரம்

அந்த மாசம் கோட்டாவில் பாதிகூட ஆகவில்லை. மாசக் கடைசியில் ஒரு பெண் தானாகவே ஜன்னலுக்கு வந்தாள். பெயர் கன்னியம்மா. முகாம் கட்டுமிடத்தில் மண் சுமக்கிறாள், நாளைக்கு ஆறணா. முந்தானையை அவிழ்த்துப் பத்து ரூபாய்ச் சில்லறையை என் முன்னால் கொட்டினாள். மேஸ்திரி சொன்னாராம், தபால் ஆபீஸில் போட்டால் வட்டி தருவார்கள் என்று. நான் பேனாவை எடுத்துவிட்டேன். பத்திரத்தில் பெயர் எழுதும்போது, இந்தப் பணம் எதற்காகச் சேர்க்கிறாய் என்று பேச்சுக்குக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

புயலில் கூரை போனபோது வரதப்பரிடம் நாற்பது ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மூன்று வருஷமாக வட்டிதான் கட்டிவருகிறார்கள். நாற்பது அப்படியே நிற்கிறது. அது தீரும்வரை புருஷன் ஏழுமலை மண்டியில்தான் மூட்டை தூக்க வேண்டும், வெளியே போகக்கூடாது. அவன் கூலியில் பாதியை வட்டிக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து வரும் பதினைந்து ரூபாயையும் சேர்த்து அந்தக் கடனை அடைக்கலாம் என்பது அவள் எண்ணம்.

பேனாவைக் கீழே வைத்தேன். சில்லறையையே கணக்காகப் பிரித்து வைத்து அவளுக்குக் காட்டினேன். இந்தப் பத்து ரூபாய்க்கு சர்க்கார் வருஷத்துக்கு உனக்குத் தருவது ஏழணாவுக்கும் குறைவு. இதே பத்து ரூபாய்க்கு வரதப்பர் வருஷத்துக்கு உன்னிடம் வாங்குவது மூன்றே முக்கால் ரூபாய். முதலில் அவரிடம் கட்டு. அவள் காசுகளை மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. எல்லாவற்றையும் வாரி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். என் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நடேசன் பெருமூச்சு விட்டார். “மாசம் பூரா வெயில்ல அலைஞ்சீங்க. ஒருத்தி தானா வந்தா. அவளயும் தொரத்தி உட்டீங்க. நல்லா கீது சார் வியாபாரம்.”

இரண்டணா கமிஷன்

கன்னியம்மா மறுநாள் திரும்பி வந்தாள். அழவில்லை. பத்து ரூபாயை வரதப்பரிடம் கொடுத்தாளாம். அவர் அதைப் பழைய வட்டி பாக்கி என்று எடுத்துக்கொண்டாராம். என்ன பாக்கி என்று கேட்டால் ரசீது இருக்கிறதா என்றாராம். மூன்று வருஷமாகக் கையில் கொடுத்த எதற்கும் ரசீது இல்லை. என் அறிவுரையால் அவளுடைய பத்து ரூபாய் போய்விட்டது. அவள் நின்ற நிலையில் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த பத்து ரூபாய் சேர்ந்தால் என்ன செய்வது.

பதில் தேவசகாயத்திடமிருந்து வந்தது. மணியார்டர் செய் என்றார். ஊருக்குள்ளேயே மணியார்டரா என்று நடேசன் சிரித்தார். தேவசகாயம் சிரிக்கவில்லை. பணம் வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். அந்தக் கையெழுத்து உள்ள துண்டு அனுப்பியவளுக்கே திரும்பி வரும். கமிஷன் இரண்டணா. இரண்டணாவுக்கு இதைவிட நல்ல ரசீது எந்த வக்கீலும் எழுதித் தரமாட்டான் என்றார். அடுத்த பத்து ரூபாய் சேர அவளுக்கு ஏழு வாரம் ஆயிற்று. ‘அசலுக்கு வரவு’ என்று நான் மணியார்டர் பாரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வரதப்பர் வாங்க மறுத்தார். நடேசன் பதறாமல் மண்டியில் இருந்த நாலு பேர் முன்னிலையில், ‘பெற மறுத்தார்’ என்று பாரத்திலேயே எழுதப் போகிறேன், கோர்ட்டில் இதுவும் செல்லும் என்று உரக்கச் சொன்னார். வரதப்பர் கோர்ட்டு வாசலை நன்றாக அறிந்தவர். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். துண்டு திரும்பி வந்ததும் கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். படித்துக் காட்டட்டுமா என்றேன். “வேணாம் சார். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இது யார் கையெழுத்துன்னு நல்லாத் தெரியும். மூணு வருசமா இது இல்லாமத்தான் வட்டி கட்டிகினு கீறேன்.”

இன்ஸ்பெக்டரின் கேள்வி

விஷயம் பரவிவிட்டது. வேலைத்தலத்தில் கன்னியம்மா அந்தத் துண்டைக் காட்டியிருக்கிறாள். சம்பள நாளுக்கு மறுநாள் எங்கள் ஜன்னலில் ஊருக்குள் மணியார்டர் அனுப்புகிறவர்கள் கூட்டம். எல்லாம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய். எல்லாம் அசலுக்கு. நடேசன் வாரத்தில் இரண்டு நாள் மண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் மற்ற நேரத்தில் வீடு வீடாக அலைந்தேன். பத்திரம் மட்டும் விற்கவில்லை. அதற்குள் அரிசி விலை ஏறிவிட்டது. ரேஷன் கடையில் கால் கடுக்க நின்று வாங்குகிற காலம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து வரும் பதினைந்து ரூபாய்க்கு அன்றைக்கு எத்தனை படி அரிசி கிடைக்கும் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றினேன். என் சம்பளத்துக்கே எத்தனை படி என்று எனக்கே தெரியவில்லை.

தபால் இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் ஆபீஸ் பத்திர விற்பனையில் கடைசி, உள்ளூர் மணியார்டரில் முதல். இது என்ன அதிசயம் என்று கேட்டார். குமாஸ்தா முயற்சி செய்வதில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தார். என் இன்கிரிமென்ட் அந்தப் பேனா முனையில் தொங்கியது. நான் சொல்லத் தொடங்குவதற்குள் தேவசகாயம் எழுந்து நின்றார். குமாஸ்தாவைப் பற்றி எழுதுவதானால் முதலில் என்னைப் பற்றி எழுதுங்கள், மணியார்டர் யோசனை என்னுடையது என்றார். இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார். தேவசகாயம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். “அரையணா வட்டிக்குக் கடன் வச்சிருக்கிறவன் நமக்கு எப்படி சார் கடன் குடுப்பான்? அவன் முதல்ல அங்கே தலை நிமிரட்டும். நிமிர்ந்தா நேரா நம்ம ஜன்னலுக்குத்தான் வருவான்.”

இன்ஸ்பெக்டர் எழுதியதை நான் பார்க்கவில்லை. இன்கிரிமென்ட் அந்த வருஷம் வரவில்லை. ஆனால் மாற்றலும் வரவில்லை. அன்றைக்குப் போகும்போது அவர் வாசலில் நின்று, பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து என்னிடம் நீட்டினார். “எனக்கு ஒரு பத்திரம் எழுதுங்க. இந்த மாசம் ஒண்ணுமே இல்லைன்னு காட்ட வேண்டாம்.”

கடன் வாங்க ஆளில்லை

கன்னியம்மாவின் நாற்பது ரூபாய் ஆறு மாசத்தில் தீர்ந்தது. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்ததால் கடைசி இரண்டு தவணை சீக்கிரம் சேர்ந்தது. கடைசித் துண்டோடு அவளும் ஏழுமலையும் மண்டிக்குப் போய், எழுதிக் கொடுத்திருந்த கடன் நோட்டைத் திருப்பி வாங்கினார்கள். ஏழுமலை மறுநாளே முகாமில் சேர்ந்தான். அவனைத் தொடர்ந்து இன்னும் சிலர். மூட்டை தூக்க ஆள் வேண்டுமானால் முழுக் கூலி கொடுக்க வேண்டிய நிலை வரதப்பருக்கு வந்தது. வட்டியைக் கால் அணாவாகக் குறைத்துப் பார்த்தார். அதற்கும் அதிகம் பேர் வரவில்லை. வாரா வாரம் கூலி வருகிறவன் எதற்குக் கடன் வாங்குகிறான்?

ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு அவரே எங்கள் ஆபீஸுக்கு வந்தார். என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கு மோர் கொடுக்க வழியில்லை. மண்பானைத் தண்ணீர் கொடுத்தேன். துணிப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தார். ஒரே நாளில் என் நாலு மாசக் கோட்டா. எங்கள் ரேட்டு உங்களுக்கு ஒத்துவராதே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் தாங்கிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. பத்திரங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் வெகு கவனமாகப் படித்தார். “பூட்டி வச்சா எலிதான் தின்னும். கடன் கேட்டு ஊர்ல ஒருத்தன்கூட வரல. சர்க்காராவது வாங்கிக்குதே.”

வேலை நின்ற பிறகு

யுத்தம் முடிந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு முகாமில் கட்டுமான வேலை படிப்படியாக நின்றது. மேஸ்திரிகள் ஆளைக் குறைத்தார்கள். சம்பள நாளில் நிறைந்த ஜன்னல் இப்போது வேறு காரியத்துக்காக நிறைந்தது. பத்திரத்தை முன்கூட்டியே உடைத்துப் பணம் வாங்க வந்தார்கள். எவ்வளவு பாடுபட்டு விற்றேனோ, அவ்வளவு வேகமாகத் திருப்பிக் கொடுத்தேன். உடைக்காதீர்கள், வட்டி போய்விடும் என்று சொல்லத்தான் உத்தரவு. வீட்டில் உலை வைக்க வேண்டியவனிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மண்டியில் வரதப்பர் மறுபடியும் சுறுசுறுப்பானார். அரையணா ரேட்டு திரும்பி வந்துவிட்டது.

கன்னியம்மா வந்தாள். கடன் தீர்ந்த பிறகு அவள் தானாகவே என்னிடம் மூன்று பத்திரம் வாங்கியிருந்தாள். கூரை போட்டது போக மிஞ்சியது அது. அவளுக்கும் ஏழுமலைக்கும் ஒரே வாரத்தில் வேலை போய்விட்டது. வரதப்பர் ஆள் அனுப்பியிருக்கிறார். எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள், மண்டிக்கு ஏழுமலை வந்தால் போதும் என்று. அவள் நேரே ஜன்னலுக்கு வந்துவிட்டாள். முன்கூட்டி உடைப்பதற்கு ஒரு குறைந்தபட்ச காலம் உண்டு. பத்திரங்களைப் புரட்டித் தேதியைப் பார்த்தேன். இரண்டுக்கு அந்தக் காலம் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. மூன்றாவதற்கு இன்னும் முடியவில்லை. அதை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

இருபது ரூபாயும் அதன்மேல் கொஞ்சம் சில்லறையும் எண்ணிக் கொடுத்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே அடுப்புப் போட்டு இட்லி விற்கப் போவதாகச் சொன்னாள். பட்டணத்து வேலைக்குப் போகிறவர்கள் காலை ரயிலுக்கு வெறும் வயிற்றோடு ஓடுகிறார்களாம். அவள் ஒரு வாரமாக அங்கே நின்று எண்ணியிருக்கிறாள். அரிசியும் உளுந்தும் ஒரு பெரிய குண்டானும் வாங்கினால் ஏழுமலை மண்டிக்குப் போக வேண்டியதில்லை. இது நஷ்டம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மறுபடியும் மண் சுமந்து மறுபடியும் சேர்ப்பேன் என்று, மழை வந்தால் குடை பிடிப்பேன் என்பதுபோலச் சொன்னாள். பெருவிரல் மையை ஜன்னல் கட்டையில் துடைத்துவிட்டு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டாள். “வரதப்பர் கிட்ட வாணாம்னு சொல்லிட்டேன் சார். இந்தத் தபா எனக்கு நானே கடன் குடுத்துக்கறேன். வட்டி கெடயாது.”

சர்க்காருக்குக் கடன் வாங்கித் தருவதற்காகச் சம்பளம் வாங்கிய அத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை ஜனங்களைக் கடனிலிருந்து வெளியே அனுப்பியதுதான், அதற்கு இலாகாவில் கோட்டாவும் இல்லை, இன்கிரிமென்டும் இல்லை.